மாத்திரையை மறக்க வைக்கும் மறதி

மாணவர்களே, மறதி நோய் என்றதும் உங்களுக்குத் தாத்தா, பாட்டிதான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், நாற்பது வயதுக்காரருக்கும் அது வரலாம். அதற்கு ஒரு காரணம் எச்.ஐ.வி. கிருமி.

மூளைக்குள் நுழைவது எப்படி?

மூளையின் இரத்தக் குழாய்கள் தேவையற்ற பொருள்களை உள்ளே விடாமல் தடுக்கும். ஆனால், சில வெள்ளை அணுக்கள் அந்தத் தடுப்பைக் கடந்து செல்லும். எச்.ஐ.வி. அவற்றுக்குள் ஒளிந்தபடி மூளைக்குள் போய்விடுகிறது. அங்கே அது நரம்பணுக்களைப் பிடிப்பதில்லை. மூளையின் காவலர்களான மைக்ரோகிளியா அணுக்களில் குடியேறுகிறது. அந்த அணுக்கள் வெளிவிடும் நச்சுப் பொருள்களே நரம்பணுக்களைக் கெடுக்கின்றன. சிந்தனை மந்தமாகும், கவனம் சிதறும், நடை தடுமாறும்.

1996-இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின், கடுமையான பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்துகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிறகு என்ன சிக்கல்?

மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். மறதி உள்ளவர் அதையே மறந்துவிடுவார். மருந்து தவறினால் கிருமி பெருகும். கிருமி பெருகினால் மறதி கூடும். இந்தச் சுழலை அறுப்பவர்கள் தாதியர்.

தாதியர் செய்வது என்ன?

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் குடிக்கும் தேநீரோடு மாத்திரையைச் சேர்த்துப் பழக்கினால் மறக்காது. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியைப் பார்த்தால், இன்று சாப்பிட்டாரா என்பது உடனே தெரியும். தாதி ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே சொல்வார். பதில் வரும்வரை பொறுத்திருப்பார். கண்ணெதிரே கடிகாரமும் நாட்காட்டியும் மாட்டுவார். வழுக்கும் தரைவிரிப்பை எடுத்துவிடுவார்.

லண்டனின் மைல்ட்மே மருத்துவமனை, 1988-இல் எய்ட்ஸ் நோயாளிகளின் கடைசி நாள்களைக் கவனிக்கத் தொடங்கியது. இன்று அங்கே மூளை பாதிக்கப்பட்டவர்கள் பயிற்சி பெற்று வீடு திரும்புகிறார்கள். அல்சைமர் நோயைப் போலன்றி, இந்த மறதி சிகிச்சையால் பலருக்குக் குறைகிறது.

தொடுவதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. ஆனால், ஊர் பேச்சுக்குப் பயந்து மாத்திரையை ஒளித்து வைப்பவர் அதைச் சாப்பிடவும் தவறுவார். அவரை ஒளிய வைக்காமல் இருப்பது நம் கையில் உள்ளது.

சிந்தியுங்கள்: மூளையைக் காக்கும் அதே தடுப்பு, மருந்துக்கும் இடையூறாகுமா?