வொனெட்டா பிளவர்ஸ்

வொனெட்டா பிளவர்ஸ் (பிறப்பு: அக்டோபர் 29, 1973) அமெரிக்க பாப்சிலெட் வீராங்கனை ஆவார். குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற முதல் கறுப்பினத்தவர் இவரே.

அலபாமாவின் பர்மிங்காமில் பிறந்த இவர் முதலில் தடகள வீராங்கனையாக விளங்கினார். 2000 கோடை ஒலிம்பிக்குக்குத் தேர்வு பெறாததால் பாப்சிலெட்டுக்கு மாறினார். பனி அரிதாகவே விழும் ஊரினருக்கு இது வியப்பான மாற்றமாகத் தோன்றலாம்; ஆனால் பின்னிருக்கையாளரின் முதன்மைப் பணி, சறுக்குவண்டியைத் தள்ளிக்கொண்டு விரைந்தோடி ஏறுவதே. ஓட்டக்காரரின் கால்வலு அங்கேதான் பயன்படுகிறது.

2002 சால்ட் லேக் நகர ஒலிம்பிக்கில் மகளிர் பாப்சிலெட் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. வெற்றி வாய்ப்பு மிகுந்தவராகக் கருதப்பட்ட ஜீன் ரசீன், தம் இணை காயமுற்றதால் பிளவர்சை அழைத்தார். அவரோ மறுத்து, ஜில் பேக்கனுடனேயே நின்றார். பெப்ரவரி 19 அன்று இவ்விருவரும் இரு சுற்றுகளையும் மொத்தம் 1 நிமிடம் 37.76 நொடிகளில் முடித்துத் தங்கம் வென்றனர். ரசீன் ஐந்தாமிடம் பெற்றார். 2006 டூரின் ஒலிம்பிக்கில் அதே ரசீனுடன் இணைந்து ஆறாமிடம் பெற்றபின் பிளவர்ஸ் ஓய்வு பெற்றார்.