ஓட்டு மெஷினில் எத்தனை பட்டன்?

கம்ப்யூட்டர் வாங்கப் போனால் மெமரி எவ்வளவு, யூஎஸ்பி போர்ட் எத்தனை என்று கேட்கிறோம். நாம் ஓட்டுப் போடும் மெஷினுக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. ஒரு தொகுதியில் எத்தனை பேர் நின்றால் மெஷினில் தேர்தல் நடத்த முடியும் என்பதை அந்த அளவுதான் முடிவு செய்கிறது!

எங்கள் திருப்பூர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பனியன் ஆர்டர் தரும் பையர் கூடவே ஒரு ஸ்பெக் ஷீட் அனுப்புவார். துணி எத்தனை ஜிஎஸ்எம், மார்பளவு எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஓட்டு மெஷினுக்குத் தேர்தல் கமிஷன்தான் பையர். தைத்துக் கொடுப்பவை ஹைதராபாத் இசிஐஎல், பெங்களூரு பெல் என்ற 2 அரசு நிறுவனங்கள். 1982-ல் கேரளாவின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இதைப் பயன்படுத்தினார்கள். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பிறகு சட்டம் திருத்தப்பட்டு, பேராசிரியர் சம்பத் தலைமையிலான நிபுணர் குழு ஆராய்ந்து 1990-ல் பச்சைக்கொடி காட்டியது.

இனி கணக்குக்கு வருவோம். நாம் பட்டன் அழுத்தும் பெட்டிக்குப் பேலட் யூனிட் என்று பெயர். கம்ப்யூட்டருக்குக் கீ-போர்டு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 16 பட்டன்கள். ஓட்டுகளைச் சேமிக்கும் கன்ட்ரோல் யூனிட் அதிகாரியின் மேஜையில் இருக்கும். பழைய மாடலில் 4 பேலட் யூனிட்களைச் சங்கிலி போலக் கோர்க்கலாம். ஆக 64 பட்டன். ஒவ்வொரு யூனிட்டிலும் 'நான் இத்தனையாவது' என்று காட்டும் ஒரு ஸ்விட்ச் உண்டு. அதை மாற்றி வைத்தால் 3-ம் பெட்டியின் ஓட்டு 2-ம் பெட்டிக்குப் போய்விடாதா என்று கேட்பீர்கள். அதனால்தான் வேட்பாளர்களின் ஏஜென்ட்கள் முன்னிலையில் அதைச் சரிபார்த்து சீல் வைக்கிறார்கள்.

64 போதுமா? எங்கள் பக்கத்து மொடக்குறிச்சியைக் கேளுங்கள். 1996 சட்டசபைத் தேர்தலில் தங்கள் குறைகளை ஊர் உலகம் அறிய விவசாயிகள் வரிசையாக மனுத்தாக்கல் செய்ய, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். அப்போது காகித ஓட்டுச்சீட்டுதான். அதைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. தேர்தலும் தள்ளிப்போனது. மெஷினில் நடத்தியிருந்தால் 65 பேலட் யூனிட் தேவைப்பட்டிருக்கும்!

அதே ஆண்டில் சட்டசபைத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. மெஷினை பெரிதாக்கும் முன்பே வேட்பாளர் கூட்டம் இப்படிக் குறைக்கப்பட்டது. விளையாட்டுக்காக நிற்பவர்களைத் தடுக்க இது தேவை என்பார்கள். மொடக்குறிச்சி விவசாயி விளையாட்டுக்காக நிற்கவில்லை என்பது என் கருத்து.

டெபாசிட் ஏறினாலும் கூட்டம் அடியோடு நின்றுவிடவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள். பெரும்பாலானோர் விவசாயிகள், முக்கியக் கோரிக்கை மஞ்சள் வாரியம். (ஈரோட்டுக்காரர்களுக்கு மஞ்சள் பற்றிச் சொல்லவா வேண்டும்!) அதற்குள் எம்-3 என்ற புது மாடல் வந்திருந்தது. இதில் 24 யூனிட், 384 பட்டன் வரை போகலாம். நிஜாமாபாத்தில் சாவடிக்கு 12 யூனிட் வைத்தார்கள். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர். நோட்டாவும் சேர்த்து 78 பட்டனுக்கு 5 யூனிட். 384-ஐத் தாண்டினால் மீண்டும் காகிதச் சீட்டுதான்.

இத்தனை பெட்டிகளைப் பார்த்து நீங்கள் மிரள வேண்டாம். அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் அதற்குப் பிறகு, நோட்டா கடைசியில். ஒவ்வொரு பிரிவிலும் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். பட்டனை அழுத்தியதும் விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குள் 7 விநாடி சீட்டு தெரியும். அதில் நீங்கள் தேர்ந்தெடுத்த பெயரும் சின்னமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.