கட்டாந்தரையா, மெத்தையா?

முதுகுவலி என்று சொன்ன மாத்திரத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை, மெத்தையை ஒதுக்கிவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுங்கள் என்பதுதான். இரண்டாவது அறிவுரை கடைக்காரரிடமிருந்து வரும்: 'ஆர்த்தோ' மெத்தை வாங்குங்கள். முன்னது செலவில்லாதது, பின்னது பலருக்கு ஒரு மாத ஊதியத்தையே விழுங்கிவிடும். இரண்டுக்கும் அடிப்படை ஒரே நம்பிக்கைதான். படுக்கை எவ்வளவு கடினமோ, அவ்வளவு முதுகுக்கு நல்லது!

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஸ்பெயினில் நாள்பட்ட கீழ்முதுகு வலி உடைய 313 பேரிடம் நடத்தப்பட்ட அதன் முடிவுகள், 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின. ஒரு பிரிவினருக்குக் கடினமான மெத்தையும், மற்றொரு பிரிவினருக்கு நடுத்தர உறுதி கொண்ட மெத்தையும் வழங்கி, 90 நாள்கள் கழித்து மதிப்பிட்டனர். இரு பிரிவினருக்கும் வலி குறைந்திருந்தது. ஆனால், படுத்திருக்கும்போதும் எழும்போதும் ஏற்படும் வலியிலும், அன்றாட வேலைகளில் உண்டாகும் முடக்கத்திலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே கூடுதல் பயன் பெற்றனர்.

நோய்க்காரணம் திட்டவட்டமாகக் கண்டறியப்படாத வலிக்கே இம்முடிவு பொருந்தும். காலில் மரத்துப்போதல், சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமை, காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை வலியுடன் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை.

முதுகெலும்பு நேர்கோடல்ல, இயல்பிலேயே வளைவுகள் கொண்டது. தரையில் ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் அழுந்த, இடை தாங்கலின்றித் தொங்குகிறது. மிக மென்மையான மெத்தையிலோ இடுப்பு புதைந்து முதுகு வளைகிறது. மூட்டுவலியும் உள்ள முதியவரைத் தரையில் படுக்கச் சொல்வது இன்னும் கொடுமை. இரவில் ஒவ்வொரு முறை எழும்போதும் அவர் படும் பாட்டை அறிவுரை சொன்னவர் அறிவதில்லை.

மதுரை வட்டாரத்து வீடுகளுக்கு இலவம் பஞ்சு மெத்தை புதிதல்ல. ஒருகாலத்தில் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த இன்றைய தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், வருசநாடு பகுதிகள் இப்பஞ்சுக்குப் பெயர்பெற்றவை. இதன் இழை உள்ளீடற்றது. மெழுகுப் பூச்சு உடையது. அதனால் எடை குறைவு; ஈரத்தை எளிதில் ஏற்காது. ஆனால், ஆண்டுக்கணக்கில் அழுந்தும்போது பஞ்சு கட்டிதட்டி, படுக்கும் இடத்தில் பள்ளம் விழுகிறது. பத்தாண்டுகளாகப் பிரித்து அடிக்காத மெத்தையில் படுத்துவிட்டு, இலவம் பஞ்சே முதுகுக்கு ஆகாது என்று தீர்ப்பளிப்பது நியாயமன்று. உறையைப் பிரித்து, பஞ்சை அடித்து, குறைந்ததை நிரப்பித் தைத்தால் உறுதி மீண்டுவிடும். நிரப்பும் அளவை நாமே சொல்லலாம். பள்ளம் விழுந்த நுரை மெத்தைக்கு இந்த வாய்ப்பில்லை.

'ஆர்த்தோ' என்ற சொல் பெரும்பாலும் விற்பனைப் பெயரே. மெத்தையின் உறுதியைப் படுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். கால் மணி நேரமாவது, வழக்கமாக உறங்கும் நிலையில் படுங்கள். மல்லாந்து படுக்கையில் இடுப்புக்கும் மெத்தைக்கும் இடையே கை தாராளமாக நுழைந்தால் மெத்தை கடினம். இடுப்பு அமிழ்ந்து கை நுழையவே முடியாவிட்டால் மிகவும் மென்மை. 'மெமரி ஃபோம்' வாங்குவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வெப்பம் கூடினால் அது இளகும். குளிரூட்டப்பட்ட கடையில் உறுதியாகத் தோன்றிய மெத்தை, மதுரையின் மே மாத இரவில், மின்விசிறி மட்டுமே உள்ள அறையில், வேறொன்றாக இருக்கும்.

கழுத்துவலிக்காரர்களுக்கு மெத்தையைவிடத் தலையணையே முக்கியம். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது தோளின் அகலமும் படுக்கும் நிலையும். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் தோள்முனைக்கும் இடையிலான இடைவெளி நிரம்ப வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதில் பாதி போதும். உயரமான தலையணை முகவாயை மார்பை நோக்கித் தள்ளும். குப்புறப் படுப்பவர் இரவு முழுதும் கழுத்தை ஒரு பக்கம் திருப்பியே வைத்திருக்கிறார்; அவருக்கு எந்தத் தலையணையும் உதவாது, படுக்கும் நிலையைத்தான் மாற்ற வேண்டும். மெத்தை இளகினால் தோள் உள்ளே அமிழும், தேவைப்படும் உயரமும் குறையும். ஆகவே, மெத்தையை முடிவு செய்த பிறகே தலையணை. பஞ்சுத் தலையணையாக இருந்தால் ஓரத் தையலைப் பிரித்து ஒரு பிடி எடுத்துவிட்டு, ஒரு வாரம் படுத்துப் பார்த்த பின் மறுபடி தைத்துக்கொள்ளலாம்.