செம்பும் களிம்பும்



செப்புக் குடத்தில் களிம்பேறினால் புளியிட்டு விளக்குவது நம் வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். சைவ சித்தாந்த ஆசிரியர்களும் உயிரைப் பற்றியுள்ள ஆணவ மலத்தைச் செம்பின் களிம்போடு ஒப்பிட்டார்கள். ஆகவே களிம்பு என்றாலே நீக்கத்தக்க அழுக்கு என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றியிருக்கிறது. குடத்துக்கு அது பொருந்தும், பழங்காசுக்குப் பொருந்தாது.

இதனை நான் பட்டறிந்தே கற்றுக்கொண்டேன். பள்ளியில் பயின்ற நாளில், மழை ஓய்ந்த ஒரு கரிசற்காட்டில் சதுரமான காசு ஒன்றைக் கண்டெடுத்தேன். பச்சை படர்ந்த அதன் முகத்தில் யானையின் முதுகைப் போன்ற ஒரு வளைவு தெரிந்தது. முழு உருவையும் காணும் ஆவலால் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன். காசு பளபளத்தது, வளைவு மறைந்துவிட்டது. சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசுகளில் ஒருபுறம் யானையும் மறுபுறம் மீன் குறியும் காணப்படும் என்பதைப் பின்னரே அறிந்தேன். என் காசு அவற்றுள் ஒன்றுதானா என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது.

விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கிற்று. 2024இல் அங்கு மூன்றாம் கட்டப் பணி நடந்தது. சங்கு வளையல்கள், மணிகள், சுடுமண் பொருள்கள் ஆகியவற்றோடு செப்புக் காசுகளும் அம்மண்ணிலிருந்து வெளிப்பட்டன. இத்தகைய ஊர்களில் உழவு சாலிலும் ஓடைக் கரையிலும் காசு அகப்படுவது வியப்பன்று. அது புளிப் பாத்திரத்துக்குப் போகுமா, ஆராய்ச்சியாளர் கைக்குப் போகுமா என்பதே வினா.

களிம்பு எவ்வாறு உண்டாகிறது? செம்பு முதலில் உயிர்வளியோடு கூடிச் சிவந்த ஆக்சைடு படலமாகிறது. பின்னர் மண்ணின் ஈரமும் கரியமிலவாயுவும் சேர, அதன்மேல் பச்சைக் கார்பனேட்டு படிகிறது. நெடுங்காலம் புதைந்த காசில் மேற்பரப்புச் செம்பு முழுவதும் இவ்வாறு மாறிவிடுவது உண்டு. அப்போது அச்சிட்ட உருவமும் எழுத்தும் உலோகத்தில் இரா. மாறிப்போன அந்தப் படலத்திலேயே நிற்கும். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலங்கள் அப்படலத்தைக் கரைத்துவிடும். களிம்போடு எழுத்தும் கரைந்து போகும்.

ஒரு காசு விளக்கப்பட்டதா என்பதை எப்படிக் கண்டறிவது? பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கண்ணாடியும், பலகணி வழியே சாய்வாக விழும் ஒளியும் போதும்.

முதலாவது, நிறத்தைப் பாருங்கள். இயற்கைக் களிம்பு இடத்துக்கு இடம் வேறுபட்டு, கெட்டியாக ஒட்டியிருக்கும். அமிலத்தில் இட்ட காசோ இளஞ்சிவப்பாகத் தோன்றும். எழுத்தின் இடுக்குகளில் மட்டும் பச்சை எஞ்சியிருக்கும்.

இரண்டாவது, கீறல்களைப் பாருங்கள். பலர் கையில் புழங்கிய காசின் மேடுகளே முதலில் வழவழப்பாகத் தேயும். மணலோ கம்பித் தூரிகையோ கொண்டு தேய்த்தால், மயிரிழை போன்ற கீறல்கள் ஒரே திசையிலோ வட்டமாகவோ மேடு பள்ளம் இரண்டின் மீதும் ஓடும்.

மூன்றாவது, பரப்பைப் பாருங்கள். அமிலம் அரித்த பரப்பில் நுண்ணிய குழிகள் நிறைந்திருக்கும். எழுத்தின் விளிம்புகள் உருகியவை போல மழுங்கியிருக்கும்.

நான்காவது, பொய்ப் பழமையை ஐயுறுங்கள். விளக்கிய காசைப் பழையதாகக் காட்டச் சிலர் மீண்டும் நிறமேற்றுவர். சிவகாசி வட்டாரத்து மாணவர்களுக்குக் கந்தகம் புதிதன்று. கந்தகச் சேர்மங்கள் செம்பைக் கறுக்கச் செய்யும். அவ்வாறு கறுத்த காசு முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். கண்ணாடியில் நோக்கினால் அக்கருமையின் அடியில் பழைய கீறல்கள் தெரியும். பூசிய பச்சையோ மென்மையாக இருந்து, எளிதில் உரிந்து வரும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது. மண்ணின் உப்பும் குழிகளை உண்டாக்கக்கூடும். இரண்டு மூன்று அடையாளங்கள் ஒருங்கே அமைந்தால்தான் ஐயம் உறுதியாகும்.

அவ்வாறாயின் காசைத் தூய்மை செய்யவே கூடாதா? செய்யலாம், செய்ய வேண்டிய நிலையும் உண்டு. குளோரைடு உப்புச் சேர்ந்த காசில் வெளிர் பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். அது காசையே தின்றுவிடும் நோய். இத்தகைய கேடுகளைத் தீர்ப்பதற்கென்றே சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது, அங்கே எஸ். பரமசிவன் அவர்கள் மின்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளைச் செப்பனிட்டார். வல்லுநர் முதலில் காசை எடை போட்டு, படம் எடுத்து, குறிப்பு எழுதிய பின்னரே, கண்ணாடியின் வழியே சிறிது சிறிதாகப் படிவை நீக்குவர். எழுத்து தென்பட்டதும் கையை நிறுத்திவிடுவர்.

பெருவழுதி என்ற பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் தாங்கிய செப்புக் காசு ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. பாண்டியர் தம் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பதற்கு அச்சிறு காசே சான்று. எவரேனும் அதனைப் புளியிட்டு அழுந்தத் தேய்த்திருந்தால் அச்சான்று நமக்கு எஞ்சியிராது.

ஆதலின் உங்களுக்குக் காசு கிடைத்தால் கழுவாதீர்கள், துணியாலும் துடைக்காதீர்கள். உலர்ந்த தாளில் மடித்து, கிடைத்த இடத்தையும் நாளையும் அதன்மேல் எழுதி, ஆசிரியரிடம் காட்டுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். நான் தேய்த்த காசு இன்றும் என்னிடம் இருக்கிறது. மாணவர் எவரேனும் காசு கொண்டுவந்தால், முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.