ஒரே வயலின், இரண்டு குரல்

யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய தனி வயலின் இசையைக் கேட்டிருக்கிறீர்களா? வாசிப்பது ஒருவர்தான், காதுக்கோ இருவர் பேசிக்கொள்வது போலிருக்கும். மேல் ஸ்வரமும் கீழ் ஸ்வரமும் வேகமாக மாறி மாறி வரும்போது, மூளை அவற்றை இரண்டு வரிசைகளாகப் பிரித்துவிடுகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன் 1971-லேயே இதைச் சோதனை செய்து காட்டினார். வேகத்தைக் குறைத்தால் போதும், இரண்டும் ஒன்றாகிவிடும்!

காதுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே மாதிரி ஒலிக்கும் குரல்கள் மூன்று வரை சரியாக எண்ணிவிடுவோம். நான்காவது சேர்ந்தால் தேர்ந்த இசைக்கலைஞர்களே தடுமாறுகிறார்கள்.

கலந்து வரும் ஒலிகளைப் பிரிப்பதில் கணினியின் வழி வேறு. தனித்தனியே பதிவான குரல்களையும் கருவிகளையும் ஏராளமாகக் கேட்டுப் பழகி, கலவையில் எது எதனுடையது என்று ஊகிக்கிறது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் ஒரு பாட்டைப் பாடி வைத்திருந்தார். 1995-ல் பீட்டில்ஸ் நண்பர்கள் அதை எடுத்துப் பார்த்தார்கள். பியானோவுக்குள் குரல் புதைந்து கிடந்தது, விட்டுவிட்டார்கள். பின்னாளில் கணினி அந்தக் குரலை மட்டும் பிரித்துக் கொடுக்க, 2023 நவம்பரில் ‘நவ் அண்ட் தென்’ என்ற அந்தப் பாட்டு வெளிவந்தது. பாடியவர் மறைந்து ஏறத்தாழ 43 ஆண்டுகள் ஆகியிருந்தன.