பிக்கப் வண்டியின் பட்டையை ஏற்றும் முன்...

இந்த இதழில் வண்டியைப் பற்றி என்ன எழுத்து என்று சிலர் நினைக்கலாம். ரசாயனம் இல்லாமல் விளைவிப்பது பாதி வேலைதான். விளைந்ததை நசுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதி வேலை. இடைத்தரகர் வேண்டாம் என்று முடிவெடுத்த நம்மில் பலர் அடுத்து செய்தது பழைய பிக்கப் ஒன்றை வாங்கியதுதான். போன மாதக் கூட்டத்தில் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேர் தனித்தனியாக என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பயிரைப் பற்றிக் கேட்கவில்லை. "அண்ணா, வண்டி பின்னாடி உட்கார்ந்து போச்சு. பட்டை சேர்த்துடலாமா, கட்டை வெச்சுத் தூக்கிடலாமா?" என்றுதான் கேட்டார்கள். அந்த விஷயத்தில் நான் ஏற்கனவே சூடுபட்டவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு நிலம் சேந்தமங்கலம் பக்கம், நாலு ஏக்கர். வாரம் இரண்டு நாள் சேலத்துக்குத் தக்காளி, கத்திரி, கீரை போகும். சீசனில் கொல்லிமலைக்கு ஏறி, அங்கிருக்கும் நம் நண்பர்களின் பலா, அன்னாசி, மிளகை இறக்கிக்கொண்டு வருவேன். உழவுக்கு முன்னால் எரு ஓட்டம். ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய பழைய வண்டி. வாங்கும்போதே பின்பக்கம் தொய்ந்திருந்தது. ஒரு வருடத்தில் இடது பக்கம் இன்னும் இறங்கிவிட்டது.

பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் காட்டினேன். "ரெண்டு பட்டை சேர்த்து, கீழே மூணு இன்ச் கட்டை குடுத்தா வண்டி சிங்கமாட்ட நிக்குமுங்க" என்றார்கள். ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்தது. சிங்கமாட்டமெல்லாம் நிற்கவில்லை, கொடுக்கைத் தூக்கிய தேள் மாதிரி நின்றது. எனக்கு அப்போது அதுவே பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரமே தக்காளி அடி வாங்கியது. வழக்கமான 400 கிலோ சரக்குக்கு அந்தப் பட்டை வளையவே இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் கிரேட் எம்பி எம்பி விழுந்தது. கடைக்காரர் அடி வரிசைக் கிரேட் மூன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

அது காசோடு போச்சு. அடுத்தது அப்படியில்லை. ஆனி மாதம், பலா ஏற்றிக்கொண்டு கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்குகிறேன். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. பக்கத்து சீட்டில் என் மகள். பாதி தூரம் வருவதற்குள் பிரேக் மிதிக்க மிதிக்க மூக்கு மட்டும் தரையைப் பார்த்துக் குனிகிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. முன் சக்கரத்திலிருந்து கருகல் வாசம். முதல் கியருக்கு இறக்கி, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை, என் சட்டையைப் பிடித்த கையை மட்டும் ரொம்ப நேரம் விடவில்லை.

பெரியவர் காட்டிய கம்பி

நாமக்கல்லில் லாரிப் பட்டையிலேயே காலம் தள்ளிய பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பட்டையைப் பார்க்கவே இல்லை. படுத்து உள்ளே போனவர், பின் அச்சிலிருந்து சேசிஸுக்குப் போகும் ஒரு மெல்லிய கம்பியைத் தொட்டுக் காட்டினார். "இதை யாருங்க விட்டது?" என்றார்.

அந்தக் கம்பி பிரேக் வால்வோடு சேர்ந்தது. சரக்கு ஏறினால் வண்டியின் உடல் கீழே இறங்கும், அச்சுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளி குறையும். கம்பி அதை உணர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக இருந்தால் இடைவெளி அதிகம். அப்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். நாம் கட்டை வைத்து மூன்று இன்ச் தூக்கிவிட்டோம். முக்கால் டன் பலாப்பழம் ஏற்றியிருந்தும் 'வண்டி காலி' என்றே அந்த வால்வு நினைத்தது. மலை முழுக்க முன் பிரேக் மட்டுமே பாரம் சுமந்திருக்கிறது.

எல்லா வண்டியிலும் இந்தக் கம்பி இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். இருந்தால், பின்பக்க உயரத்தில் எந்த மாற்றம் செய்தாலும் கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவுப்படி அதைத் திரும்ப அமைத்தே ஆக வேண்டும். பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். முழிக்கிறார்கள் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

முதலில் அளவு நாடா, அப்புறம் பட்டறை

காலி பிக்கப் பின்பக்கம் சற்றுத் தூக்கலாக நிற்பது குறை அல்ல. சரக்கு ஏறியதும் மட்டத்துக்கு வரட்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நம் பையன்கள் சிலர் படத்தில் பார்த்துவிட்டு முன்பக்கத்தையும் தூக்கி மட்டம் செய்கிறார்கள். காலியில் அழகாகத்தான் இருக்கும். சரக்கு ஏறினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். சுமை வண்டிக்கு இது வேண்டாத வேலை.

அதனால் சமதளத்தில் நிறுத்தி, நாலு டயரிலும் காற்று சரிபார்த்து, சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே தொட்டியின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். காலியில் ஒருமுறை, வழக்கமான சரக்கோடு ஒருமுறை, அதிகபட்சச் சரக்கோடு ஒருமுறை. காலியிலேயே இடமும் வலமும் வித்தியாசம் என்றால் அந்தப் பக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு இலை விரிசல் விட்டிருக்கிறது. காலியில் சரியாக நின்று சரக்கில் மட்டும் அமுங்கினால், பட்டையைக் குறை சொல்லும் முன் எடை மேடைக்குப் போங்கள்.

நான் போனேன். பதிவுச் சான்றுப்படி என் வண்டியின் மொத்த எடை 2,950 கிலோ, வெற்று எடை 1,700. மிச்சம் 1,250. மழையில் நனைந்த எருவைத் தொட்டி மட்டத்துக்கு ஏற்றியபோது சரக்கு மட்டும் 1,640 கிலோ இருந்தது! காய்ந்த எருவை இதே மட்டத்துக்கு ஏற்றிப் பழகிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை. (நாமக்கல் கோழி எருவை இயற்கை விவசாயத்துக்கு எடுக்கலாமா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

இடது பக்கம் ஏன் இறங்கியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அமுதக்கரைசல் டிரம் 200 லிட்டர். குழாய் வைக்க வசதி என்று எப்போதும் இடது மூலையில், கடைசியில் வைத்துவிடுவேன். அச்சுக்குப் பின்னால் வைக்கிற பாரம் நெம்புகோல் மாதிரி பின்பக்கத்தை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கும். டிரம்மை முன்னால், கேபினை ஒட்டி நடுவில் வைத்தேன். செலவில்லாமல் பாதித் தொய்வு போய்விட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நம் பிக்கப்புகளின் பின்பக்கம் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டைதான். தாத்தா காலத்து வில்வண்டியில் இருந்ததும் இதே வில்தான். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறேன்.

பட்டை சேர்ப்பது என்றால் நீளமான ஒரு இலையை அடுக்கில் கூட்டுவது. உயரம் கூடும், விறைப்பும் கூடும். அந்த விறைப்பு காலியிலும் இருக்கும், 400 கிலோவிலும் இருக்கும். தினமும் முழுப் பாரம் ஏற்றுகிற செங்கல் வண்டிக்கு இது பொருந்தும். பழமும் கீரையும் முட்டையும் ஏற்றுகிற நமக்குப் பொருந்தாது. ஹெல்பர் பட்டை என்பது வேறு. அது மேலே தனியாக, முனை தொடாமல் நிற்கும். பாரம் ஏறிப் பட்டை ஓரளவு வளைந்த பிறகுதான் தாங்குதலில் முட்டி வேலை செய்யும். குறைந்த சரக்கில் மென்மை, எரு நாளில் தாங்குதல் என இரண்டும் கிடைக்கும். வாரத்தில் ஐந்து நாள் அரைப் பாரம், மாதத்தில் ஓரிரு நாள் முழுப் பாரம் என்று ஓடும் உழவர் வண்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். சில வண்டியில் கம்பெனியே வைத்திருப்பார்கள். அது தேய்ந்து இடைவெளி கெட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது மலிவு. அது உயரத்தை மட்டும் தரும், தாங்கும் சக்தியைத் தராது. அச்சு பட்டையிலிருந்து விலகுவதால் பிரேக் பிடிக்கும்போதும் ஏற்றத்தில் இழுக்கும்போதும் பட்டையை முறுக்கும். கட்டை மேல் கட்டை வைப்பது ஆபத்து. முன் அச்சில் கட்டை வைக்கவே கூடாது.

ஷேக்கிளை நீளமாக்குவதும் உண்டு. இரண்டு இன்ச் நீட்டினால் வண்டி ஏறத்தாழ ஒரு இன்ச் உயரும். அச்சின் கோணம் மாறுவதால் புரொப்பெல்லர் ஷாப்ட் அதிர ஆரம்பிக்கலாம். ஷாக் அப்சார்பர் மாற்றினால் வண்டி உயராது. சாதாரண ஷாக் எடையைத் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். ஆனாலும் எண்ணெய் கசிகிற ஷாக்கை விட்டுவைத்துப் பட்டையில் மட்டும் காசு போடாதீர்கள். காய் அடிபடுவதில் பாதி அதனால்தான்.

காற்றுப்பை வைப்பது நல்ல யோசனை. சரக்குக்குத் தகுந்த மாதிரி காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். காலியில் ஓட்டும்போதும் அதற்குச் சொல்லியிருக்கும் குறைந்தபட்சக் காற்று இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பை மடிந்து கிழியும். எங்கள் பக்கத்தில் இன்னும் யாரும் போட்டு ஓட்டவில்லை. போட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

முன்பக்கம் டார்ஷன் பார் உள்ள வண்டியில் ஒரு போல்ட்டைத் திருகியே உயரம் ஏற்றலாம். தளர்ந்துபோன கால் இன்ச், அரை இன்ச்சை மீட்க அது சரி. அதற்கு மேல் ஏற்றினால் சக்கரம் பள்ளத்தில் இறங்க இடம் இல்லாமல் போய் முட்டி முட்டி ஓடும். எவ்வளவு தொட்டாலும் அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள், ஹெட்லைட்டையும் சரி செய்யுங்கள்.

"வரப்பு ஏறும்போது அடி தட்டுது, அதுக்குத்தான் தூக்கணும்" என்றார் ஒரு நண்பர். தட்டுவது எது என்று பார்த்தால் பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் கூடு. பட்டையை எவ்வளவு ஏற்றினாலும் அது உயராது, அச்சும் கூடும் சக்கரத்தோடுதான் இருக்கின்றன. டயர் உயரம் கூடினால்தான் அது கூடும். வரப்பில் ஓரிடத்தை மண்வெட்டியால் சரிவாக்கி விடுவதுதான் அவருக்கு நான் சொன்ன வழி.

என்ன செய்தாலும் வண்டியின் சுமக்கும் அளவு பதிவுச் சான்றில் உள்ளதுதான். பட்டை தாங்கினாலும் அச்சு, பிரேக், டயர், பேரிங் எல்லாம் பழைய அளவுக்குத்தான் செய்யப்பட்டவை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவு விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதிக பாரத்துக்கு 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

நான் செய்தது

கட்டையையும் சேர்த்த இரண்டு பட்டைகளையும் கழற்றியாயிற்று. பழைய பட்டையைப் பிரித்துக் கழுவியபோது இடது பக்கம் மூன்றாவது இலையில் சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டி விரிசல் தெரிந்தது. "வெல்டு வெச்சுக்கலாமா?" என்று கேட்டதற்குப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டையில் வெல்டு வைத்தால் அந்த இடத்தின் பதம் போய் அங்கேயே உடையும். கேஸ் வைத்துச் சுட்டு வளைப்பதும் அப்படித்தான். இரண்டு பக்கமும் அந்த இலையைப் புதிதாகப் போட்டு, மற்றவற்றைச் சூடுபடுத்தாமல் பிரஸ்ஸில் வளைவு ஏற்றினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்தே நிற்கும். புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதுசு. கழற்றிய யூ போல்ட் ஏற்கனவே இழுபட்டிருக்கும், திரும்பப் போடக் கூடாது. ஹெல்பர் பட்டைக்கு இடைவெளி வைத்து, ஷாக் இரண்டையும் மாற்றி, கடைசியில் பிரேக் கம்பியை அளந்து பூட்டினார்.

வளைவு ஏற்றிய பழைய பட்டை புதுசு மாதிரி ஆகிவிடாது. ஒரு வருடத்தில் எனக்கு ஒரு சென்டிமீட்டர் போல இறங்கியிருக்கிறது. கையில் காசு இருப்பவர்கள் கம்பெனி அளவிலேயே புதுப் பட்டை செட் வாங்கிவிடுவது மேல்.

யூ போல்ட்டை 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும், பலரும் மறப்பது இதைத்தான். நானும் மறப்பேன் என்று மகள் டேஷ்போர்டில் சாக்பீஸால் கிலோமீட்டர் எண்ணை எழுதி வைத்திருந்தாள். அடுத்த பலா சீசனுக்கு மலையேறும் முன் அவளே வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, "கம்பி இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் சீட்டில் ஏறினாள்.