வலிக்காத பாதம்

ஆகஸ்ட் மாதக் கடைசி வந்துவிட்டால் எங்கள் பங்கில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். ஆகஸ்ட் 29-ம் நாள் வேளாங்கண்ணியில் ஆரோக்கிய அன்னையின் திருவிழாக் கொடி ஏறும். செப்டம்பர் 8-ம் நாள் பெருவிழா. அதற்குள் அன்னையின் ஆலயத்தை நடந்தே சென்றடைய வேண்டும் என்று, காவி உடுத்தி, செபமாலை அணிந்து, ஆண்டுதோறும் இருபது முப்பது பேராகப் புறப்படுவோம். எங்களில் பலர் செருப்பு அணிவதில்லை. அது அவர்களுடைய வேண்டுதல்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்து சென்றபோது, மூன்றாம் நாள் இரவு ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தங்கினோம். எங்களோடு வந்த அண்ணன் ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், பாயில் கால் நீட்டிப் படுத்திருந்தார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பாயில் இரத்தம். வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. உள்ளே ஒரு கண்ணாடிச் சில்லு குத்தியிருந்தது.

"என்ன அண்ணே, இதோடவா இவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்று கேட்டோம். அவர் எங்களைவிட அதிகமாகத் திகைத்துப் போனார். "எனக்கு வலிக்கவே இல்லையேப்பா! மாதாதான் வலி தெரியாம நடத்திக் கூட்டிட்டு வர்றாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

அன்று நாங்களும் அப்படியே நம்பினோம். காலைக் கழுவி, மஞ்சள் வைத்துத் துணியால் கட்டினோம். அவர் மீதி வழியையும் நடந்து முடித்தார். ஊர் திரும்பிய மூன்றாம் வாரத்தில் விரல் கறுத்துவிட்டது. விரலை எடுத்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும் என்று மருத்துவர் சொன்னார். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சர்க்கரைக்கும் அந்த வலியின்மைக்கும் உள்ள தொடர்பு எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்றிரவே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருப்போம். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறோம்.

வலியை நாம் எதிரியாகவே பார்க்கிறோம். வலி வரக் கூடாது என்றுதான் மன்றாடுகிறோம். ஆனால் வலி நம் உடலில் இருக்கும் காவல்காரன். முள் குத்தினால் காலைத் தூக்கச் சொல்வதும், செருப்பு கடித்தால் நடையை மாற்றச் சொல்வதும், சுடுதரையிலிருந்து நம்மை விலகச் செய்வதும் அதுதான். காவல்காரன் இல்லாத வீட்டில் திருடன் சத்தமின்றி நுழைந்துவிடுவான்.

இந்த உண்மையை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட் 1914-ம் ஆண்டு கொல்லிமலையில், ஆங்கிலேய மறைபரப்புப் பணியாளர்களின் மகனாகப் பிறந்தார். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் கை கால் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றே அந்நாளில் பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். அவர் கூர்ந்து கவனித்துக் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுத்து வலி உணர்வைப் பறித்துவிடுகிறது. வலி தெரியாததால் அவர்கள் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் பிடிக்கிறார்கள்; புண்ணான காலை ஊன்றியே நடக்கிறார்கள். இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் அவர்கள் விழிப்பதில்லை. இதை அறிந்தபின் நோயாளர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்களாம். 1966-ல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோயாளரின் பாதங்களில் கண்ட அதே புண்களைச் சர்க்கரை நோயாளரின் பாதங்களிலும் கண்டார். வேலூரில் கற்ற பாடம் அவர்களுக்கும் பயன்பட்டது. 2003-ல் அவர் மறைந்தார்.

சர்க்கரை எப்படி வலியைப் பறிக்கிறது? முதுகுத்தண்டின் அடியிலிருந்து கால்விரல் நுனிவரை செல்லும் நரம்பிழைகள்தாம் நம் உடலிலேயே மிக நீளமானவை. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் அது நரம்பையும், நரம்புக்கு உணவு கொண்டு செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. நீளமான நரம்பே முதலில் பாதிக்கப்படும். ஆகவேதான் தொல்லை கால்விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலேறுகிறது. சிலருக்கு எரிச்சல், மதமதப்பு, பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு தோன்றும். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

கெடுவது வலி நரம்பு மட்டுமன்று. வியர்வையைச் சுரக்கச் செய்யும் நரம்பும் கெடுவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகள் வலுவிழப்பதால் விரல்கள் மடங்கி, உடலின் எடை ஒரே இடத்தில் அழுந்துகிறது. அந்த இடத்தில் தோல் தடித்து, அடியில் புண் உண்டாகிறது. காலுக்கு வரும் இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறத் தாமதமாகும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வேலையும் சர்க்கரை மிகுதியால் மந்தமாகிறது. புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும்.

இது யாரோ சிலருடைய தொல்லை என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் இருக்கலாம், நமக்கே இருக்கலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், பாதப் புண்களில் பெரும்பாலானவற்றை வராமலே தடுக்க முடியும். அதற்குப் பெரிய செலவு இல்லை. வலி செய்த காவல் வேலையை இனி கண் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

1. தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், அடிப்பாதம் அனைத்தையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். மகனிடமோ மருமகளிடமோ கேட்கலாம்.

2. உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் சோதித்து உறுதி செய்வார். ஆண்டுக்கு ஒரு முறையாவது இச்சோதனை தேவை.

3. வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். பின்பட்டை வைத்த, மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு நல்லது. அணியும் முன் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

4. காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ஆணிக்காலை பிளேடால் சீவ வேண்டாம். தோல் வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது. அந்த இடம் ஈரமின்றி இருக்க வேண்டும்.

5. சிறு புண்ணானாலும், வலி இல்லாவிட்டாலும், மறுநாளே மருத்துவரிடம் செல்லுங்கள். வலிக்காத புண்தான் அதிகம் அஞ்ச வேண்டிய புண்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே. தட்டில் சோற்றைக் குறைத்து, காய்கறியும் பயறும் கூட்டுவோம். நடையையும் விட வேண்டாம். நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. பாதத்தில் புண் இல்லாதவர்கள் தகுந்த செருப்போடு தினமும் அரை மணி நேரம் நடப்பது மிக நல்லது. ஆனால் நாள்கணக்கில் நடக்கும் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நீண்ட நடையில் சர்க்கரை திடீரென இறங்கக் கூடும். பையில் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

"செருப்பில்லாமல் வருவதாக வேண்டிக்கொண்டேனே, என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். திருச்சபைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. தனிப்பட்ட முறையில் நேர்ச்சை செய்தவர், அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான நற்செயலாக அதைத் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்று 1197-ம் எண் சட்டம் கூறுகிறது. தயக்கம் இருந்தால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். ஓர் ஏழை நோயாளிக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுப்பதும் அன்னைக்கு உகந்த காணிக்கைதானே! ஆரோக்கிய அன்னை என்று நாம் அழைக்கும் தாய், பிள்ளை கால் இழந்து தன்னிடம் வர வேண்டும் என்றா விரும்புவாள்?

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கை ஆண்டுதோறும் ஆலயத்தில் பார்க்கிறோம். மற்றவரின் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பது இழிவான வேலையன்று என்று ஆண்டவரே காட்டிய பாடம் அது. அதை வீட்டிலும் செய்வோம். இன்றிரவு உறங்கச் செல்லும் முன், வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவரின் பாதத்தைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பார்ப்போம்.

எங்கள் அண்ணன் இன்றும் எங்களோடு வேளாங்கண்ணிக்கு வருகிறார். இப்போது நடப்பதில்லை, தண்ணீரும் மருந்துப் பெட்டியும் ஏற்றிய வேனில் வருகிறார். இரவு தங்கும் இடத்தில் செபமாலை முடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரிசையாக வருவார். "காலைக் காட்டுப்பா" என்பார். நாங்கள் ஒவ்வொருவராகக் காலை நீட்டுவோம்.